பேலட்ல புரியாத மெஷருக்கும் ஓட்டு போடணுமா, இல்ல காலியா விடலாமா? (கலிஃபோர்னியா)

பே_ஏரியா_செல்வி:
நவம்பர் வந்தா போதும், நம்ம வாட்ஸாப் குரூப்ல "எல்லாத்துக்கும் இப்படி போடுங்க"ன்னு ஒரு லிஸ்ட் சுத்த ஆரம்பிச்சிடுது. 2024ல மாநில ப்ராப்பொசிஷன் (சுருக்கமா ப்ராப், ஒரு சட்டம் வேணுமா வேணாமான்னு நம்மகிட்டயே எஸ்/நோ கேக்குறது) மட்டுமே பத்து, அதுக்கு மேல அதே மாதிரி ஊர் அளவுல சிட்டி மெஷர், ஸ்கூல் போர்டு, ஜட்ஜ்னு பேலட் நீளமா இருந்துச்சு, அந்த லிஸ்ட பக்கத்துல வச்சுக்கிட்டு அப்படியே நிரப்பி தபால்ல போட்டவங்க எனக்குத் தெரிஞ்சே நிறைய பேர். சிட்டிசன்ஷிப்புக்கு எத்தனை வருஷம் காத்துக்கிடந்து வாங்கின ஓட்டு இது. புரியலன்னா அந்த இடத்த காலியா விடுங்க, மத்த ஓட்டெல்லாம் செல்லும். யாரோ சொன்னாங்கன்னு குத்தாதீங்க.

மில்பிடாஸ்_குமரன்:
இதுல எனக்கு உடன்பாடே இல்லங்க. நீங்க காலியா விட்டா முடிவு நிக்காது, போட்டவன் முடிவு பண்ணிட்டுப் போயிடுவான். ஸ்கூல் போர்டு, சிட்டி கவுன்சில் எல்லாம் சில சமயம் ரொம்ப கொஞ்ச ஓட்டு வித்தியாசத்துலதான் முடியுது. ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்ல, ஓட்டுப் போடுறவங்களுக்கு அரசு அனுப்புற அந்த தடி வோட்டர் கைட முழுசா உக்காந்து படிக்க யாருக்கு நேரம் இருக்கு? விஷயம் தெரிஞ்சவர் ஒருத்தர் படிச்சுட்டு லிஸ்ட் போட்டா அத நம்புறதுல என்ன தப்பு? யூனியன், கட்சி, பத்திரிகை எல்லாரும் அதத்தான பண்றாங்க.

பே_ஏரியா_செல்வி:
2024 ப்ராப் 34ஐயே எடுத்துக்கோங்க. பேலட்ல என்ன போட்டிருந்தான்? மருந்து மூலமா வர்ற வருமானத்த சில ஹெல்த்கேர் அமைப்புங்க எதுக்கு செலவு பண்ணலாம்னு கட்டுப்படுத்துற சட்டம். படிச்சா நல்லதாத்தான் தெரியும், நோயாளிக்குத்தான் பணம் போகணும்னு யாரும் எஸ் போட்டுடுவாங்க. ஆனா யாருக்குப் பொருந்தும்னு உள்ள போய் பாருங்க. சிகிச்சை இல்லாத விஷயத்துக்கு பத்து வருஷத்துல 10 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணியிருக்கணும், அதே அமைப்பு 500க்கு மேல கடுமையான விதிமீறல் இருக்கிற அபார்ட்மென்ட்டும் நடத்தியிருக்கணும். இப்படி ஊர்ல எத்தனை பேர் இருப்பாங்க? அது எய்ட்ஸ் ஹெல்த்கேர் ஃபவுண்டேஷன குறி வச்சு எழுதினதுன்னு அப்பவே எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. அவங்கதான் 2018ல ப்ராப் 10, 2020ல ப்ராப் 21, 2024ல ப்ராப் 33னு மூணு தடவ வாடகைக் கட்டுப்பாட்ட பேலட்டுக்கு கொண்டுவந்தவங்க. 34க்கு பின்னால நின்னது வாடகைக்கு விடுற வீட்டு ஓனர்களோட கலிஃபோர்னியா அபார்ட்மென்ட் அசோசியேஷன். கிட்டத்தட்ட 51 சதவீதத்துல பாஸ் ஆயிடுச்சு. அந்த சண்டையில எந்தப் பக்கம் வேணா இருங்க, ஆனா இப்படி ஒரு சண்டை நடக்குதுன்னே தெரியாம எஸ் போட்டவங்க எத்தனை பேரு!

மில்பிடாஸ்_குமரன்:
நீங்க சொன்னதே என் வாதத்துக்குதான் பலம். பேலட்ல இருக்கிறத மட்டும் படிச்சா இது தெரியவே தெரியாது. விவரம் தெரிஞ்சவர் லிஸ்ட்லதான் "இது ஓனர்ங்க கொண்டுவந்தது"ன்னு இருக்கும்.

பே_ஏரியா_செல்வி:
அந்த விவரம் தெரிஞ்சவர் யாருங்கிறதுதான் என் கேள்வியே. யாருக்கு ஓட்டு போடணும்னு லிஸ்ட் போட்டு தபால்ல வர்ற கலர் கலரான ஸ்லேட் கார்ட் இருக்கே, அத கையில எடுத்து பாருங்க, சில பேருக்குப் பக்கத்துல பொடி எழுத்துல ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அவங்க காசு குடுத்து அந்த கார்டுல இடம் வாங்கியிருக்காங்கன்னு அர்த்தம், சட்டப்படி அத போட்டே ஆகணும். வாட்ஸாப் லிஸ்டுக்கு அந்த நட்சத்திரம்கூட கிடையாது. வீடு வித்துக் குடுக்கிறவர் போட்ட லிஸ்டா, நாலு வீடு வாடகைக்கு விட்டவர் போட்டதான்னு எப்படித் தெரியும்?

தஞ்சை_சான்ஹோசே:
நான் இவ்ளோ யோசிக்கிறதே இல்ல. பாண்ட்னு (அரசு வாங்குற கடன்) வந்தா நோ, அவ்ளோதான். யூனிஃபைட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பாண்டுக்கு ஒவ்வொரு ஒரு லட்சம் டாலர் மதிப்புக்கும் வருஷத்துக்கு 60 டாலர் வரைக்கும் போடலாம். இது அசெஸ்டு வேல்யூ, அதாவது வரிக்குன்னு கணக்குல இருக்கிற மதிப்பு, மார்க்கெட் விலை இல்ல. நான் சமீபத்துல வாங்கின வீடு, 15 லட்சம்னு வச்சா 900 டாலர். பக்கத்து வீட்டுக்காரர் எண்பதுகள்ல வாங்கினது, 1978 ப்ராப் 13 இருக்கிறதால அவர் மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏறாது, இன்னும் 2 லட்சத்துலயே இருந்தா 120 டாலரோட முடிஞ்சுது. ஒரே தெரு, ஒரே ஸ்கூல். லேட்டா வந்த நம்மள மாதிரி ஆளுங்க தலையிலதான் எல்லாம் விழுது.

சுதா_டீச்சர்:
தம்பி, எல்லா பாண்டையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க. 2024 ப்ராப் 2, ஸ்கூல் கட்டடத்துக்கு 1000 கோடி டாலர், அது மாநில பாண்ட். வருஷத்துக்கு சுமார் 50 கோடி டாலர்னு 35 வருஷத்துக்கு மாநில பட்ஜெட்ல இருந்து கட்டுவாங்கன்னு லெஜிஸ்லேட்டிவ் அனலிஸ்ட் (சட்டமன்றத்துக்கு செலவுக் கணக்கு பாத்து சொல்ற அதிகாரி) கைட்லயே எழுதியிருந்தார், உங்க ப்ராப்பர்ட்டி டாக்ஸ்ல வராது. நீங்க சொல்ற கணக்கு லோக்கல் பாண்டுக்கு. அதையும் 55 சதவீதம் பேர் ஒத்துக்கிட்டாதான் பாஸ் பண்ண முடியும், அந்தப் பணத்துல டீச்சர் சம்பளம் குடுக்கக்கூடாது, கட்டடம், வசதிகளுக்குத்தான் செலவு பண்ணணும். ஏசி ஓடாத போர்ட்டபிள் ரூம்ல செப்டம்பர் வெயில்ல முப்பது பிள்ளைங்கள வச்சு பாடம் நடத்திப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க நோன்னு. ப்ராப் 13 அநியாயம்னா அதோட சண்டை போடுங்க, பிள்ளைங்களோட இல்ல.

தஞ்சை_சான்ஹோசே:
சண்டை போட்டாச்சே அக்கா. 2020ல ப்ராப் 15, கமர்ஷியல் சொத்துக்கு மட்டுமாவது மார்க்கெட் விலைக்கு டாக்ஸ்னு வந்துச்சு, அதுவே தோத்துடுச்சு. அதுவரைக்கும் நான் கட்டிக்கிட்டே இருக்கணுமா?

மில்பிடாஸ்_குமரன்:
பார்சல் டாக்ஸ், அதாவது ஒவ்வொரு சொத்துக்கும் இவ்ளோன்னு போடுற வரி, இன்னும் மோசம். பெரும்பாலும் சின்ன கான்டோவுக்கும் பெரிய பங்களாவுக்கும் ஒரே தொகை, பல இடத்துல 65 வயசு தாண்டினவங்க விலக்கு கேட்டு வாங்கிக்கலாம். ஆனா அதுக்கு பெரும்பாலும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும், அதனால நம்ம நோவுக்கு அங்க பலம் ஜாஸ்தி. இப்படிப்பட்ட இடத்துல காலியா விடலாமா செல்வி?

பே_ஏரியா_செல்வி:
உங்களுக்குப் புரிஞ்சிருக்கு, நீங்க போடுங்க. நான் சொல்றது சுப்பீரியர் கோர்ட் ஜட்ஜ் வரிசை மாதிரி இடங்கள. கட்சி பேர் கிடையாது, பேருக்குக் கீழ சில வார்த்தையில தொழில், அவ்ளோதான். அத மட்டும் பாத்து ஒரு மனுஷன ஆறு வருஷம் நீதிபதி ஆக்குறது எனக்கு சரியா படல. ஸ்கூல் போர்டுலயும் கட்சி பேர் இல்ல, ஆனா அங்க வழி இருக்கு. பழைய போர்டு மீட்டிங் வீடியோல யாரு எதுக்கு கை தூக்கினாங்கன்னு பாக்கலாம், லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ்ங்கிற கட்சி சாராத அமைப்பு பல ஊர்ல வேட்பாளர்கள உக்கார வச்சு கேள்வி கேக்குறாங்க, அவங்க குடுக்கிற தேர்தல் பணக் கணக்கு ஃபார்ம் 460ல யார்கிட்ட பணம் வாங்கினாங்கன்னு இருக்கும். கைட்ல வர்ற ஸ்டேட்மென்ட்ட மட்டும் நம்பாதீங்க, அது அவங்களே எழுதினது, நிறைய இடத்துல அச்சடிக்கிற செலவும் அவங்களுதுதான்.

புது_சிட்டிசன்_ஃப்ரீமான்ட்:
ஒரு டவுட். எங்கப்பாவுக்கு இந்த வருஷம்தான் முதல் ஓட்டு. எஸ் போட்டா சட்டம் மாறும், நோ போட்டா மாறாதுன்னு சொல்லிக்குடுத்தேன். சரிதானே?

சுதா_டீச்சர்:
ரெஃபரெண்டம்னா அப்படி இல்லம்மா. சட்டமன்றம் ஏற்கனவே போட்ட சட்டத்த எதிர்த்து கையெழுத்து வாங்கிக் கொண்டுவர்றது அது, அங்க எஸ்னா சட்டம் இருக்கட்டும், நோன்னா சட்டத்த தூக்கிடுங்க. 2022 ப்ராப் 31 அப்படித்தான், ஃப்ளேவர் போட்ட புகையிலைக்கு வந்த தடைய எதிர்த்து சிகரெட் கம்பெனிங்க கொண்டுவந்தது. தடை வேணும்னு நெனச்சவங்க எஸ் போடணும். கைட்ல ஒவ்வொண்ணுக்கும் எஸ்னா என்ன, நோன்னா என்னன்னு ரெண்டு கட்டம் போட்டிருப்பாங்க, அப்பாவுக்கு மொதல்ல அத படிச்சுக் காட்டுங்க.

மில்பிடாஸ்_குமரன்:
நான் இந்த தடவையும் லிஸ்ட் போடத்தான் போறேன், காலியா விடச் சொல்றத நான் ஒத்துக்கல. ஆனா ஒவ்வொரு ப்ராப் பக்கத்துலயும் யாரு பணம் போட்டாங்கன்னு எழுதி அனுப்புறேன், என் வீடு சொந்த வீடா வாடகையான்னும் மேலயே போட்டுடுறேன்.

பே_ஏரியா_செல்வி:
அனலிஸ்ட் எழுதின பக்க நம்பரையும் சேத்துடுங்க. ஜட்ஜ் வரிசைய மட்டும் உங்க லிஸ்ட்ல இருந்து தூக்கிடுங்க, அத பத்தி நாம தனியா பேசலாம்.