திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் என்விடிஏவில் வாசிக்கும் தமிழ் பிடிஎஃப்: எதில் செய்தீர்கள், என்ன ஆனது?

மதுரை_செவி
மகள் பள்ளியில் அன்னையர் தினத்துக்கு ஒரு பிடிஎஃப் அனுப்பினார்கள். அவள் கவிதையும் அதில் உண்டு. என்விடிஏவில் திறந்தால் உளறல். அம்புக்குறியை நகர்த்தி எழுத்தெழுத்தாகக் கேட்டேன்: எம், கே, செமி, கே, ஹெச். ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வடிவம் மாட்டிய பழைய எழுத்துரு பாமினி. அதில் அடித்த 'அம்மா' உள்ளே இப்படித்தான் கிடக்கும்! கேட்டதற்கு, "பிரிண்ட் நல்லாத்தானே வருது சார்" என்றார்கள்.

அச்சகத்_தம்பி
நாங்கள் வேர்டில் யூனிகோடில்தான் அடித்தோம். ஹெடிங் ஸ்டைல், அட்டவணைக்குத் தலைப்பு வரிசை எல்லாம் போட்டாச்சு. அவசரத்தில் கூட இருந்தவன் 'பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுத்துவிட்டான், எது தலைப்பு, எது அட்டவணை என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் டேக் அத்தனையும் போச்சு. வாடிக்கையாளர் பார்வையற்றவர். போனிலேயே அட்டவணையை ஓடவிட்டார். "நாற்பது, பன்னிரண்டு, ஏழு... இதுல எது ஏப்ரல், எது மே, சொல்லுங்க தம்பி?" 'சேவ் அஸ்' வழியாகப் போட்டு அனுப்பியதும் சரியானது.

எழுத்துரு_வாத்தியார்
மதுரைக்காரரே, பாமினியைத் திட்டி என்ன பயன்? யூனிகோடிலும் தலைவலி உண்டு. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் செய்த மலர் ஒன்றில் 'கொடி' என்று தேடினால் சிக்கவே இல்லை. காப்பி செய்தால் கொம்பு முன்னால், 'க' நடுவில், கால் கடைசியில் விழுந்தது.

அதனால் சொல்கிறேன், எந்த மென்பொருளையும் வாங்கும் முன் இரண்டு பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். காசு இல்லையென்றால் லிப்ரே ஆபிஸ் போதும். 7.0 முதல் ஏற்றுமதியில் பிடிஎஃப்/யுஏ, அதாவது எல்லோரும் அணுகக்கூடிய பிடிஎஃப், என்ற தேர்வு இருக்கிறது. ஆவண மொழியைத் தமிழ் என்று குறியுங்கள், இல்லாவிட்டால் ஆங்கிலக் குரலே முயன்று சொதப்பும். ஸ்கேன் என்றால் முதலில் ஓசிஆர், அதாவது படத்தில் உள்ள எழுத்தை உரையாக்குவது. அக்ரோபேட் ப்ரோ தானாகப் போடும் டேகை அப்படியே நம்பாதீர்கள், பத்திரிகை போல இரண்டு பத்தியாகப் பிரித்த பக்கத்தில் வாசிப்பு வரிசை குழம்பலாம். கடைசியில் 'பேக்' என்ற இலவசச் சோதனைக் கருவி, விண்டோஸில் ஓடும். பிடிஎஃப்/யுஏவுக்கு 2012-ல் வந்த ஐஎஸ்ஓ 14289 தரப்படி பார்க்கும். அது பச்சை காட்டினால் கவலையே இல்லை.

நிலா_திரை
கவலையே இல்லையா? வாத்தியாரே, இவ்வளவு அறிவுரையை இங்கே யார் கேட்டது? எனக்கு வந்த மருந்துக் குறிப்புக்கும் பேக்கில் பச்சைதான். மாத்திரையை எப்போது போடுவது என்று காட்டும் படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட், அதாவது படத்துக்குப் பதில் வாசிக்கப்படும் விளக்கம், என்ன தெரியுமா? 'ஐஎம்ஜி அண்டர்ஸ்கோர் 47'. ஆல்ட் டெக்ஸ்ட் இருக்கிறதா என்றுதான் கருவி பார்க்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மனுஷன்தான் பார்க்கணும்.

அச்சகத்_தம்பி
அப்போ மாத்திரையை எப்போ போட்டீங்க அக்கா?

நிலா_திரை
மருந்துக்கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். சாப்பாட்டுக்கு முன்னாடியாம்.