விலகலா, விடுநோவா, விடுகை நோவா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

உடலுக்குப் பழகிப்போன மதுவோ மருந்தோ நின்றாலோ குறைந்தாலோ நடுக்கம், வியர்வை போன்ற அவதிகள் எழும். மது, போதைமருந்துப் பழக்கங்களின் மருத்துவ மதிப்பீட்டில் 'வித்ட்ராவல்' என்று வழங்கும் இந்த நிலைக்குத் தமிழில் இதுவரை விலகல், துறப்புநோய், விடுநோவு என மூன்று சொற்களை நீங்கள் முன்வைத்துள்ளீர்கள். மூன்றையும் அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ஆயினும் மூன்றாவதைச் சற்றே திருத்தினால் நமக்கு வேண்டிய சொல் கிடைத்துவிடும் என்று கருதுகிறேன்.

'விலகல்' ஏன் பொருந்தாது என்பதை நான் என் தவற்றிலிருந்தே கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையின் சேர்க்கைப் படிவத்தைத் தமிழாக்கியபோது, 'நோயாளிக்கு விலகல் அறிகுறிகள் உள்ளனவா?' என்று எழுதிக் கொடுத்தேன். நிரப்பப்பட்ட படிவம் ஒன்று பின்னர் என் பார்வைக்கு வந்தது. நோயாளியின் மனைவி 'ஆம்' என்பதில் குறியிட்டு, ஓரத்தில் பென்சிலால், 'ஒரு வாரமாகத் தானாகவே குறைத்துக்கொண்டு வருகிறார்' என்று எழுதியிருந்தார். குடியிலிருந்து கணவர் விலகத் தொடங்கிய அறிகுறி, அதாவது நல்ல செய்தி, என்றே அவர் அந்தக் கேள்வியைப் புரிந்துகொண்டிருக்கிறார். நான் கேட்க நினைத்ததோ கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா, இரவில் இல்லாத உருவங்கள் தெரிகின்றனவா என்பது. மேலும், மனநல அறிக்கைகளில் பிறரோடு பழகாமல் ஒதுங்கியிருப்பதையும் 'விலகல்' என்றே எழுதுகிறோம். ஒரே பக்கத்தில் ஒரே சொல் இரு பொருளில் வந்தால் படிப்பவர் என்ன செய்வார்? (பொறி மொழிபெயர்ப்பில் உலவும் 'திரும்பப் பெறும் அறிகுறிகள்' பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அது வழக்கைத் திரும்பப் பெறுவோருக்கு உதவட்டும்.)

'துறப்புநோய்' என்பதில் எனக்குள்ள தடை வேறு. துறப்பு என்றதும் மனவுறுதியோடு ஒன்றை நீக்கியவர் நினைவுக்கு வருகிறார். இந்த நிலைக்கு மனவுறுதி தேவையில்லை. அறுவைச் சிகிச்சைக்காகப் படுக்கையில் கிடப்பவருக்கும், குடியைப் பற்றி எவரும் கேட்காமலே சேர்க்கப்பட்டவருக்கும் இது வரும். முற்றாக நிறுத்த வேண்டும் என்பதும் இல்லை, வழக்கமான அளவு குறைந்தாலே போதும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் சிலருக்கு விடியற்காலையில் கை உதறுவதும், முதல் மிடறு உள்ளே போனதும் அந்த உதறல் அடங்குவதும் இதே நிலையின் சிறு வடிவந்தான்.

'போதைத்துறப்பு' என்று முன்னொட்டுச் சேர்க்கலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதை வலுவாக மறுக்கிறேன். வலிக்காகவோ தூக்கத்துக்காகவோ மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சொன்னபடியே உட்கொண்டவருக்கும், அதைத் திடீரென்று நிறுத்தினால் இந்த நிலை வரலாம். மனநலக் கோளாறுகளை வரையறுக்க அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, மது, போதைமருந்து போன்றவற்றின் பயன்பாட்டுக் கோளாறுக்கு 11 அளவுகோல்களை வைத்து, 12 மாதக் காலத்தில் அவற்றுள் இரண்டேனும் இருந்தால் கோளாறு என்கிறது. நாம் பெயர் தேடும் நிலை அந்தப் பதினொன்றில் ஒன்று. ஆனால் மருத்துவர் கண்காணிப்பில் முறைப்படி மருந்து எடுத்தவரிடம் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் அதே கையேடு சொல்கிறது. ஆகவே போதை, அடிமை என்னும் சொற்களை இதற்குள் நுழைத்தால், குற்றமற்ற நோயாளி ஒருவரின் தலையில் சொல்லே ஒரு பழியைச் சுமத்திவிடும்.

இனி 'விடுநோவு'. குடியை விட்டதால் வரும் நோவு என்று விளக்கியிருக்கிறீர்கள். வினைத்தொகையாகப் பார்த்தால் அது விட்ட, விடுகின்ற, விடும் நோவு என்றுதான் விரியும். காய்ச்சல் விட்டது என்பது போல, நோவு விட்டது, அதாவது நீங்கியது, என்ற எதிர்ப்பொருளே முதலில் தோன்றுகிறது. இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. தமிழில் 'விடு' இரு வகையாக ஆளப்படுகிறது. 'குடியை விட்டான்' என்பதில் விடுபவன் மனிதன். 'மழை விட்டது', 'காய்ச்சல் விட்டது' என்பவற்றில் விடுவது அந்தப் பொருளே. நமக்கு இந்த இரண்டுமே வேண்டும்.

காரணம் உடலின் இயக்கத்தில் இருக்கிறது. மது மூளையில் காபா என்னும் வேதிப்பொருளின் அடக்கும் வேலைக்குத் துணைபோகிறது. குளூட்டமேட் என்னும் மற்றொரு வேதிப்பொருளின் கிளர்த்தும் வேலையைத் தடுக்கிறது. நாள்தோறும் இவ்வாறு நடக்கும்போது, மூளை சமநிலைக்காக அடக்கத்தைத் தளர்த்திக் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. மது இரத்தத்தை விட்டு இறங்கியதும், மூளை எதிர்த் திசையில் கொடுத்துவந்த அழுத்தம் மட்டும் தடையின்றி எஞ்சுகிறது. கடைசிக் குடிக்குப் பின் ஏறத்தாழ 6 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும், 6 முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பும், 48 முதல் 96 மணி நேரத்தில் மேலும் சிலருக்குக் குழப்பமும் பிதற்றலும் வருவது இதனால்தான். கடைசியில் சொன்னதற்கு மருத்துவம் பார்க்காவிட்டால் உயிர் போகக்கூடும்.

மார்ஃபின், ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகை மருந்துகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. அவற்றை எடுத்துக்கொண்டிருப்பவருக்கு அவற்றின் வேலையைத் தடுக்கும் நால்ட்ரெக்சோன் என்னும் மருந்தைக் கொடுத்தால், அது ஏற்பிகளிலிருந்து, அதாவது உயிரணுக்களில் மருந்து பற்றிக்கொள்ளும் இடங்களிலிருந்து, ஓபியாய்டைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்கிறது. நோயாளி எதையும் விடவில்லை, ஏற்பியைப் பிடித்திருந்த மருந்துதான் பிடியை விட்டது. ஆனாலும் கொட்டாவி, கண்ணீர், மயிர்க்கூச்செறிதல், வயிற்றுப்போக்கு என எல்லாம் விரைந்து வந்துவிடும். 'நிறுத்தம்', 'துறப்பு' ஆகிய சொற்கள் இங்கே பொய்யாகின்றன. 'விடுகை' என்னும் தொழிற்பெயர் மட்டும் மனிதன் விடுவதையும் மருந்து விடுவதையும் ஒருங்கே தாங்குகிறது.

எனவே 'விடுகை நோவு' என்று முன்மொழிகிறேன். கூட்டுச்சொற்களில் வைத்துப் பார்த்தேன்: மது விடுகை நோவு, ஓபியாய்டு விடுகை நோவு, விடுகை வலிப்பு, விடுகைப் பிதற்றம். நால்ட்ரெக்சோனால் வருவதைத் தூண்டப்பட்ட விடுகை நோவு எனலாம். எதுவும் நாக்கில் இடறவில்லை. முதலில் நான் 'இறக்கநோவு' என்று எழுதிவைத்திருந்ததையும் ஒப்புக்கொள்கிறேன். இரத்தத்தில் அளவு இறங்குவதைச் சொல்லும் என்று எண்ணினேன். வரியின் முடிவில் அது 'இறக்க' என்று தனியே நின்றதைப் பார்த்ததும் உடனே அழித்துவிட்டேன். மருத்துவமனைக் காகிதத்தில் அப்படி ஒரு சொல் நிற்க வேண்டாம்.

பள்ளி விடுகைப் பத்திரம் என்னும் வழக்கு இருப்பதால் மயங்குமே என்று கேட்கலாம். 'நோவு' உடன் வரும்வரை மயங்காது. நோவு என்பது வலியை மட்டுமே குறிக்கும் என்ற தடையும் எனக்குப் பெரிதாகப் படவில்லை, நோய் என்ற பொருளும் அதற்கு உண்டு.

ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். 'வேட்கை' என்பதை இதற்கு மாற்றாக எவரும் பயன்படுத்த வேண்டாம். குடித்தே தீர வேண்டும் என்ற உந்துதல், மது உடலை விட்டு மாதங்கள் ஆன பின்னும், நடுக்கம் ஏதுமின்றி எழலாம். டிஎஸ்எம்-5 வேட்கையைத் தனி அளவுகோலாகவே சேர்த்தது. மாறாக, கை நடுங்க ஒருவர் மது கேட்கும்போது, உறவினர் அதை 'நடிப்பு' என்று தள்ளிவிடுவதும் உண்டு. மது விடுகை நோவின் கடுமையை அளக்கும் சீவா-ஏஆர் என்னும் 10 கூறுகள் கொண்ட மதிப்பீட்டில் செவிலியர் நோயாளியைக் கைகளை நீட்டி விரல்களை விரிக்கச் சொல்கிறார். நடுக்கத்துக்கு 0 முதல் 7 வரை மதிப்பெண் இடுகிறார். கையை நீட்டாதபோதே கடுமையாக நடுங்கினால் 7. மொத்த மதிப்பெண், உச்சம் 67, எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தே டயசிபாம் போன்ற அமைதிப்படுத்தும் மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறார்கள். வேட்கையை அளக்கும் கேள்வி எதுவும் அந்தப் பத்தில் இல்லை.

படிவக் கேள்வியை இப்போது இவ்வாறு மாற்றியிருக்கிறேன்: 'குடியை நிறுத்தும்போதோ குறைக்கும்போதோ கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாதது தோன்றுதல் போன்ற விடுகை நோவு இதற்கு முன் வந்ததுண்டா?' சொல்லைப் பிரித்து எழுதுவதா, 'விடுகைநோவு' என்று சேர்த்து எழுதுவதா என்பதில் மட்டும் என் மனம் இன்னும் ஊசலாடுகிறது. அகராதிப் பணியில் இருப்பவர்கள் சொன்னால் அதன்படி எழுதுகிறேன்.