படகு அறை வாசலுக்குக் கொசுவலை: சட்டம் அடிக்கலாமா?

கேள்வி:
வணக்கம். எங்களுடையது 26 அடி பாய்மரப் படகு. இரவில் நங்கூரம் போட்டுத் தூங்கும்போது அறை வாசலை மூடினால் புழுக்கம், திறந்தால் கொசு. போன வாரம் என் மகள் எழுந்தபோது ஒரு கண்ணிமை வீங்கிக் கண்ணே திறக்க முடியவில்லை. இனி தள்ளிப்போட மனமில்லை. வாசல் மேலே 62 செ.மீ., கீழே 48 செ.மீ. அகலம். கூரையில் தள்ளுகதவும் உண்டு. மரச்சட்டம் அடித்து வலை பொருத்தினால் சரிவருமா?

பதில் 1:
சட்டம் வேண்டாம். நானும் முதலில் அதைத்தான் செய்தேன், கச்சிதமாகவே பொருந்தியது. ஒரு நள்ளிரவில் காற்று திசை மாறி நங்கூரம் இழுபட ஆரம்பித்தது. இருட்டில் கொக்கி கைக்கு அகப்படாமல், சட்டத்தை உதைத்து உடைத்துத்தான் வெளியே வந்தேன். ஒரு கையால் ஒதுக்கிவிட்டு வெளியேற முடியாத எதையும் அந்த வாசலில் வைக்காதீர்கள்.

இப்போது இருப்பது ஒரே துண்டு வலை. தள்ளுகதவைத் திறந்துவிட்டு, கூரையிலிருந்து வாசலுக்குக் கீழே வரை போர்வை மாதிரி தொங்கவிடுகிறேன். பக்கங்களில் 15 செ.மீ., கீழே 20 செ.மீ. அதிகம் விட்டிருக்கிறேன். ஓரத்தை மடித்துத் தைத்து உள்ளே எடை போட வேண்டும். ஈயக் குண்டுகள் போட்டுப் பார்த்தேன். எல்லாம் மூலைக்கு உருண்டுபோய், நடுவில் வலை தூக்கிக்கொண்டது. மெல்லிய துருப்பிடிக்காத சங்கிலி போட்ட பிறகுதான் ஓரம் முழுக்கப் படிந்தது. கூரைமேல் இருக்கும் ஓரத்துக்கு மட்டும் வெல்க்ரோ. அதில் மெத்தென்ற பக்கத்தைப் படகில் ஒட்டுங்கள். சொரசொரப்பான பக்கம் வலையோடு போகட்டும், இல்லையென்றால் ஏறி இறங்கும்போதெல்லாம் முழங்காலில் உரசும்.

சாதாரண ஜன்னல் வலை கொசுவைத் தடுக்கும். சதுப்புக் கரையோரம் தங்குவீர்களென்றால், அங்கிருக்கும் பொடிக் கடிபூச்சிகள் அதில் நுழைந்துவிடும். அதற்கு இன்னும் நெருக்கமான பின்னல் வேண்டும், ஆனால் காற்றும் குறையும். நிறம் கறுப்பாக இருக்கட்டும். வெள்ளை வலையில் வெளிச்சம் பட்டால் வெளியே எதுவும் தெரியாது, நங்கூரம் போட்டிருக்கும்போது அது முக்கியம்.

வெட்டுவதற்கு முன் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தி அளவு பாருங்கள்.

பதில் 2:
எடைக்குக் காந்தம் தைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். அதைவிட, வாசல் சுவரில் திசைகாட்டி இருந்தால் முள்ளைத் திருப்பிவிடும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி வெயிலில் இற்றுவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. வாசலுக்கு வலப்பக்கச் சுவரில்தான் எங்கள் திசைகாட்டி இருக்கிறது, காந்தத்தை விட்டுவிட்டேன். இன்று விரிப்பைப் போர்த்திப் பார்த்தோம். பெரியவர்களுக்குப் பிரச்சினை இல்லை. மகளுக்குத்தான் படியேறும்போது கீழ் ஓரம் காலில் சிக்குகிறது. நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி தைக்கலாமா?

பதில் 1:
தைக்கலாம். ஒரு சாண் அகலத்துக்காவது ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். பிளவின் இரண்டு ஓரத்திலும் கீழ்முனையில் எடை வையுங்கள், தானாகவே மூடிக்கொள்ளும். விளக்கை அணைத்துவிட்டு மகளை ஒருமுறை வெளியே வரச் சொல்லிப் பாருங்கள்.