வார்கிராஃப்ட் 3: 50 உணவைத் தாண்டினால் தங்கம் வறண்டுபோகிறது, ஹியூமன் படையை எப்படி நடத்துவது?

வேலன்_ரோஸ்ஹில் (மொரிஷியஸ்)

வணக்கம். வார்கிராஃப்ட் 3 என்ற கணினிப் போர் ஆட்டம்: ஹியூமன் (மனிதர்) இனம், ஒருவருக்கு ஒருவர் ஆட்டம், ரீஃபோர்ஜ்ட் என்ற புதுப்பித்த பதிப்பு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற இன்னொரு போர் ஆட்டத்தின் பக்கமிருந்து வந்தவன். காவடி விடுமுறையில் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஆடப்போகிறோம், அதற்குள் இரண்டு சிக்கலுக்கு வழி வேண்டும்.

முதலாவது: தொடக்கம் நன்றாகவே போகிறது. ஆர்ச்மேஜ் (மந்திரவாதி ஹீரோ) மூன்றாம் நிலைக்கு வந்துவிடுகிறார், கீப் (தலைமைக் கட்டடமான டவுன் ஹாலின் அடுத்த நிலை) எழும்பிவிடுகிறது. அதன்பிறகு படையை 60, 70 உணவுக்கு (ஒவ்வொரு ஆளும் பிடிக்கும் இடக் கணக்கு) ஏற்றியதும் தங்கம் நகர மறுக்கிறது. எதிரில் ஆர்க் இனம் ஆடுகிறவர் 50ஐ ஒட்டியே நிற்கிறார். ஒரு பெரிய சண்டை முடிந்ததும் அவரிடம் புது கிரண்ட்கள் (ஆர்க் காலாட்கள்) வந்துகொண்டே இருக்கின்றன, என்னிடம் ஒரு ஃபுட்மேனுக்கு (ஹியூமன் காலாள்) கூடக் காசில்லை. பீசன்ட்கள் (வேலையாட்கள்) 5 பேர் தங்கத்தில், 10 பேர் மரத்தில். சுரங்கம் ஒன்றுதான்.

இரண்டாவது: ஐரோப்பா சர்வரில் பிங் (தகவல் போய்வரும் தாமதம், மில்லிநொடியில்) 230க்கும் 300க்கும் இடையே தாவுகிறது. அடிபட்ட ஆளைப் பின்னுக்கு இழுப்பதற்குள் செத்துவிடுகிறான். இதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

சாட்ஸ்வொர்த்_வில்லாளி (டர்பன்)

தம்பி, முதல் சிக்கலுக்குக் காரணம் திரையின் மேல் ஓரத்திலேயே எழுதியிருக்கிறது: அப்கீப், அதாவது படைப் பராமரிப்பு வரி. உணவு எண்ணுக்குப் பக்கத்தில் பச்சையாக இருக்கும் சொல் மஞ்சளாகிறதா, சிவப்பாகிறதா என்று பாருங்கள்.

கணக்கு இதுதான். 50 வரை பீசன்ட் கொண்டுவரும் 10 தங்கமும் உங்களுக்கே. 51இலிருந்து 80 வரை அதே நடைக்கு 7தான் கையில் சேரும். 81இலிருந்து 100 வரை 4. மரத்துக்கு இந்த வரி கிடையாது. இதில் பலர் கவனிக்காத கொடுமை ஒன்று உண்டு: கைக்கு வருவது 7 ஆனாலும் சுரங்கத்திலிருந்து குறைவது 10. அதாவது 12,500 தங்கம் உள்ள சுரங்கத்தை முழுக்க மஞ்சளில் தோண்டினால் உங்களுக்குக் கிடைப்பது 8,750. சிவப்பில் தோண்டினால் 5,000. மீதி எங்கும் சேராது, தொலைந்தது தொலைந்ததுதான்.

ஃபுட்மேன் விலையில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு ஃபுட்மேன் 135 தங்கம், 2 உணவு. பீசன்ட்கள் 100 நடை போனால் பச்சையில் 1,000, மஞ்சளில் 700. நூறு நடைக்கு 300 தங்கம் போகிறது, இரண்டு ஃபுட்மேன் விலைக்கும் மேலே. 54 உணவில் நிற்கிறவர் கூடுதலாக வைத்திருப்பதும் அதே இரண்டு ஃபுட்மேன்தான். அந்த இரண்டு பேரை உயிரோடு வைத்திருக்க, ஒவ்வொரு நூறு நடைக்கும் இன்னும் இரண்டு பேர் விலையைக் கட்டுகிறார். 51 முதல் 60 வரை உள்ள இடம் ஆட்டத்திலேயே மோசமான இடம் என்று நான் சொல்வது இதனால்தான். ஒன்று 50இல் நில்லுங்கள், அல்லது தாண்டுவதென்றால் ஒரே மூச்சில் 75, 80க்குப் போங்கள்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் 200 பேர் வரை ஏற்றிக்கொண்டே போவது சரி, அங்கே படைக்கு வரி இல்லை. இங்கே அந்தப் பழக்கம் உதவாது. சிலர் இந்த விதியைத் திட்டுவார்கள். என் கணிப்பில் ஆட்டத்தைத் தூக்கி நிறுத்துவதே இதுதான். ஒரு சண்டையில் படை இழந்தவர் பச்சைக்குத் திரும்பி முழுத் தங்கம் வாங்குகிறார், ஜெயித்தவர் மஞ்சளில் வரி கட்டுகிறார். அதனால்தான் முதல் சண்டையோடு ஆட்டம் முடிந்துபோவதில்லை. உங்கள் ஆர்க் நண்பருக்குப் புது கிரண்ட்கள் வருவதும் இப்படித்தான்.

கொலோஸ்_காவல் (ரெயூனியன், சென் ஆந்திரே)

வில்லாளி அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் ஹியூமனுக்கு "50இல் நில்" என்பது பாதி மருந்துதான். ஒரே சுரங்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் நோயே.

ஒரு சுரங்கம், பச்சை: ஒரு சுற்றுக்கு 10 என்று வையுங்கள். இரண்டு சுரங்கம், மஞ்சள்: 7 + 7 = 14. வரி கட்டியும் நாற்பது விழுக்காடு கூடுதல். ஆனால் இரண்டு சுரங்கம், சிவப்பு: 4 + 4 = 8. ஒற்றைச் சுரங்கத்துப் பச்சையைவிடக் குறைவு! அதனால் இரண்டாவது சுரங்கம் எடுத்தவர் 80 வரை தாராளமாக ஏறலாம், 81ஐ மட்டும் சுலபத்தில் தொடக்கூடாது.

ஹியூமனுக்கு மற்ற இனங்களுக்கு இல்லாத வசதி மிலிஷியா: பீசன்ட்களைக் கொஞ்ச நேரத்துக்குப் படைவீரராக்குவது. செய்யும் முறை:

ஆர்ச்மேஜ் வந்ததும் வாட்டர் எலமென்டல் (அவர் மந்திரத்தால் வரவழைக்கும் நீர்ப்பூதம்) ஒன்றை இறக்கி, இருக்கிற ஃபுட்மேன்களோடு பக்கத்துச் சுரங்கத்தை நோக்கி நடத்துங்கள். டவுன் ஹாலில் உள்ள கால் டு ஆர்ம்ஸ் பொத்தானை அழுத்தாதீர்கள், அது தங்கம் தோண்டுகிறவர்களையும் சேர்த்து இழுத்துவிடும். மரம் வெட்டுகிறவர்களில் 4, 5 பேரை மட்டும் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய கட்டளைப் பலகையில் உள்ள பொத்தானை அழுத்துங்கள். டவுன் ஹாலைத் தொட்டதும் மிலிஷியா ஆகிவிடுவார்கள். கையில் இருப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம். நடையிலேயே பாதி நேரம் போய்விடும், ஆகவே ஆர்ச்மேஜ் க்ரீப் கூட்டத்தை (சுரங்கத்தைக் காக்கும், யார் பக்கமும் சேராத உயிரினங்கள்) தொடுவதற்கு முன்பே அவர்கள் கிளம்பியிருக்க வேண்டும். க்ரீப்களில் பெரியதை முதலில் கொல்லுங்கள். நேரம் முடிந்ததும் நின்ற இடத்திலேயே பீசன்ட் ஆகிவிடுவார்கள், அவர்களையே டவுன் ஹால் கட்டவிடலாம். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் கைவைத்தால் வேகம் கூடும், செலவும் கூடும். ஆகவே எதிரி வரும் அடையாளம் இருந்தால் மட்டும் எல்லோரையும் போடுங்கள்.

டவுன் ஹால் 385 தங்கம், 205 மரம். அங்கே தோண்ட 5 பீசன்ட் வேண்டும், ஆளுக்கு 75 வீதம் 375. மொத்தம் 760 தங்கம். அது திரும்பி வரும்வரை படை சற்று மெலிந்திருக்கும், எதிரி அடிக்க நினைப்பதும் அந்த நேரத்தில்தான். ஸ்கவுட் டவர் (காவல் கோபுரம்) 30 தங்கம், 20 மரம், அதை கார்ட் டவராக்க 70, 50. இரண்டு போதும். சுரங்கத்துக்கும் டவுன் ஹாலுக்கும் இடையே வைக்காதீர்கள், பீசன்ட் நடை தடுக்கும். சுரங்கத்தின் பின்பக்கம் வையுங்கள்.

(விலைகள் பேட்சுக்குப் பேட்ச் கொஞ்சம் மாறும். பொத்தான்மேல் மவுஸை வைத்தால் உங்கள் பதிப்பின் விலை தெரிந்துவிடும்.)

வேலன்_ரோஸ்ஹில்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் 50 உணவுக்குள் எதை எதை வைப்பது? 15 பீசன்ட்டே 15ஐத் தின்றுவிடுகிறார்களே. தாண்டுவதென்றால் எப்போது தாண்டுவது?

சாட்ஸ்வொர்த்_வில்லாளி

15 பீசன்ட், இரண்டு ஹீரோ 10. மீதி 25. அதில் ஃபுட்மேன் 3 (6), துப்பாக்கி வீரனான ரைஃபிள்மேன் 4 (12), ஆட்களைக் குணமாக்கும் ப்ரீஸ்ட் 3 (6). மொத்தம் 49. பார்ப்பதற்கு இது சின்னப் படை. ஆனால் வாட்டர் எலமென்டலுக்கு உணவுக் கணக்கே கிடையாது, 125 மானா (மந்திர சக்தி) கொடுத்தால் 60 நொடிக்கு ஒரு கூடுதல் ஆள். ஆர்ச்மேஜின் பிரில்லியன்ஸ் ஆராவைப் புறக்கணிக்காதீர்கள்: ப்ரீஸ்ட்களுக்கும் இரண்டாவது ஹீரோவுக்கும் மானா ஊறுவது அதனால்தான். இரண்டாவது ஹீரோவாக மவுண்டன் கிங் வையுங்கள்.

ஆர்க்குக்கு எதிரே ப்ரீஸ்ட்டில் ஒருவரைக் குறைத்து சோர்சரஸ் (சூனியக்காரி) சேர்க்கலாம், அவர்களுக்கும் 2 உணவுதான். அவர்களுடைய ஸ்லோ மந்திரம் விழுந்த கிரண்ட் நடையில் 60%, அடிக்கும் வேகத்தில் 25% இழக்கிறான். துரத்தவும் முடியாது, ஓடவும் முடியாது. ஸ்லோ பொத்தானில் வலது சொடுக்கினால் தானாகவே போடுவார்கள்.

ஆள் எண்ணிக்கையைவிட ஆயுத வகை முக்கியம். கிரண்ட்டுக்கு ஹெவி ஆர்மர் (கனத்த கவசம்). ரைஃபிள்மேனின் பியர்ஸிங் (துளைக்கும்) அடி அதில் 100%, மேஜிக் அடி 200%. அதனால்தான் ஆட்டம் நீண்டால் பறந்தபடி மேஜிக் அடி அடிக்கும் க்ரிஃபான் ரைடர் கிரண்ட்களைப் பிய்த்தெறிகிறது. எதிரி ஹெட்ஹன்டர் (ஈட்டி எறிபவர்) எடுத்தால் ஃபுட்மேனுக்கு டிஃபென்ட் (கேடயத் தற்காப்பு) ஆராய்ந்து, சண்டையில் அதை இயக்குங்கள்: பியர்ஸிங் அடி பாதியாகும், ஆனால் நடை 30% தளரும். சண்டை முடிந்ததும் அணைக்க மறந்தால் பின்வாங்கும்போது முதலில் சாவது அவர்கள்தான்.

எப்போது தாண்டுவது: 50இலேயே நின்று தங்கத்தைச் சேருங்கள். 800, 1,000 சேர்ந்ததும், ஃபார்ம்கள் முன்கூட்டியே கட்டி முடித்திருக்க, இரண்டு பாரக்ஸ், ப்ரீஸ்ட்களும் சோர்சரஸ்களும் உருவாகும் ஆர்கேன் சாங்டம் ஒன்று, ஆக மூன்றிலும் ஒரே நேரத்தில் வரிசை போடுங்கள். ஃபார்ம் ஒன்றுக்கு 6 உணவு, 80 தங்கம், 20 மரம். 75 உணவுக்கு ஏறியதும் வீட்டில் நிற்காமல் உடனே போய் அடிக்க வேண்டும். ஏற்றிவிட்டுக் காத்திருப்பவர் ஒவ்வொரு நிமிடமும் வரி கட்டுகிறார். சண்டையில் ஆட்கள் சாகச் சாக மீண்டும் பச்சைக்கு வந்துவிடுவீர்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

ஹீரோ ஐந்தாம் நிலைக்கு வந்தபின் க்ரீப் கொன்றால் அனுபவம் ஏறாது. அப்போது க்ரீப்களை இரண்டாவது ஹீரோவுக்கு விடுங்கள், முதலாமவர் எதிரியைத் தேடிப் போகட்டும்.

துறைமுகத்_தச்சன் (போர்ட் லூயி)

பிங் விஷயத்துக்கு நான் சொல்கிறேன். இங்கிருந்து பாரீசுக்கு நேர்கோட்டிலேயே சுமார் 9,400 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2,00,000 கி.மீ. போகும். போய்வர குறைந்தது 94 மில்லிநொடி, அதுவும் கேபிள் நேராகப் போனால்! நம் கேபிள்கள் தென்னாப்பிரிக்கா பக்கமாகவோ இந்தியா பக்கமாகவோ சுற்றித்தான் போகின்றன. ஆகவே 200ஐ ஒட்டிய பிங்கை எந்த ரவுட்டரும் குறைக்காது. அதில் பணம் போடாதீர்கள்.

ஆனால் 230க்கும் 300க்கும் இடையே தாவுவது வேறு நோய், அதை வீட்டிலேயே குணப்படுத்தலாம். இந்த ஆட்டத்தில் எல்லாருடைய கட்டளைகளையும் சர்வர் சேர்த்து, ஒரே வரிசையில் எல்லாக் கணினிக்கும் அனுப்புகிறது. ஒவ்வொரு கணினியும் அதே கணக்கைத் தானே போட்டுப் பார்க்கிறது. நிலையான தாமதத்துக்குக் கை பழகிவிடும். தாவுகிற தாமதத்துக்குப் பழகவே முடியாது.

சோதிக்கும் வழி: கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து முதலில் உங்கள் ரவுட்டர் முகவரிக்கு 50 முறை பிங் விடுங்கள். அதிலேயே 1, 2 மில்லிநொடிக்குப் பதில் 40, 60 என்று இடையிடையே வந்தால் குற்றம் வைஃபையில்தான். கேபிள் போடுங்கள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள், ரவுட்டர் இருக்கும் அறையிலேயே ஆடுங்கள். ரவுட்டர் சுத்தமாக இருந்து வெளியே மட்டும் தாவினால், அந்த நேரத்தில் வீட்டில் யாராவது வீடியோ ஏற்றுகிறார்களா, போன் படங்களைச் சேமிப்புக்கு அனுப்புகிறதா என்று பாருங்கள். பதிவேற்றம் நிரம்பினாலும் பிங் இப்படித் துள்ளும்.

மீதியை ஆடும் முறையில் சரிக்கட்டுங்கள். அடிபட்ட ஆளைக் கால்வாசி உயிரில் இழுக்காமல் பாதி உயிரிலேயே இழுங்கள். மவுண்டன் கிங் ஸ்டார்ம் போல்ட் எறிந்தால் குறியைத் துரத்திப் போகும், அதில் தாமதம் கெடுக்காது. ஆர்ச்மேஜின் பிளிஸார்டு நிலத்தில் விழுவது. ஓடுகிறவன்மேல் போட்டால் வெறும் மண்ணில்தான் விழும். கட்டடத்தின்மேலோ சிக்கி நிற்கிற கூட்டத்தின்மேலோ மட்டும் போடுங்கள்.

இன்னொன்று. ரீஃபோர்ஜ்டின் புதுப் படங்கள் கண்ணுக்கு அழகுதான், ஆனால் நெருக்கமான சண்டையில் யார் எவர் என்று பிரித்துப் பார்க்கச் சிரமம். அமைப்புகளில் கிளாசிக் கிராஃபிக்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். 2002இல் வந்த அந்த முரட்டு உருவங்களில் ப்ரீஸ்ட்டும் சோர்சரஸும் ஒரு பார்வையில் தெரிவார்கள்.

கொலோஸ்_காவல்

விசைப்பலகை பற்றி ஒரு வரி. இங்கே ரெயூனியனில் பலரிடம் இருப்பது பிரெஞ்சு அசெர்ட்டி. மொரிஷியஸிலும் சில வீடுகளில் உண்டு. க்யூவும் ஏயும் இடம் மாறியிருக்கும், டபிள்யூவும் இசட்டும் அதேபோல் மாறியிருக்கும். கிரிட் குறுக்குவிசை (திரைப் பொத்தான்களின் வரிசைப்படியே அமைந்த விசைகள்) வைத்து ஆடினால் விரல் தப்பும். ஆட்டம் தொடங்குமுன் விண்டோஸ் விசையோடு ஸ்பேஸை அழுத்தி அமெரிக்க ஆங்கில அமைப்புக்கு மாற்றிவிடுங்கள்.

எஃப்8 சும்மா நிற்கும் பீசன்ட்டைக் காட்டும், எஃப்1 முதல் ஹீரோ. கட்டட வேலை கொடுத்ததும் ஷிஃப்டை அழுத்தியபடி மரத்தில் வலது சொடுக்கு போடுங்கள், முடித்ததும் தானே மரத்துக்குப் போவான்.

வேலன்_ரோஸ்ஹில்

ரவுட்டருக்குப் பிங் விட்டுப் பார்த்தேன், அதிலேயே தாவுகிறது. கேபிள் வாங்கப் போகிறேன். கடைசியாக ஒன்று: பிளேட்மாஸ்டர் (ஆர்க் ஹீரோ) மறைந்து வந்து மரம் வெட்டுகிறவர்களை வெட்டிவிட்டுப் போகிறார். படையைத் திருப்பி அழைத்தால் க்ரீப் வேட்டை நின்றுபோகிறது.

சாட்ஸ்வொர்த்_வில்லாளி

படையைத் திருப்பாதீர்கள், அவருக்கு வேண்டியது அதுதான். மரம் வெட்டும் இடத்தின் ஓரத்தில் கார்ட் டவர் ஒன்று, பக்கத்திலேயே ஃபார்ம்கள். ஃபார்ம்களை வரிசையாகச் சுவர்போல் வைத்தால் அவர் நுழைய ஒரே சந்துதான் இருக்கும். ஆர்கேன் சாங்டம் வந்ததும் மேஜிக் சென்ட்ரி ஆராயுங்கள், டவர்களுக்கு மறைந்தவர்கள் தெரிவார்கள். அதற்கு முன் அவர் வந்தால் அடிபடுகிற பீசன்ட்டை மட்டும் சுரங்கத்துக்குள் அனுப்புங்கள், உள்ளே இருக்கும்போது வெட்ட முடியாது. மற்றவர்கள் அப்படியே மரம் வெட்டிக்கொண்டிருக்கட்டும். அவர் மறையும் மந்திரமான விண்ட் வாக்குக்கு மானா செலவாகிறது, அது தீர்ந்ததும் அவர் நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் மவுண்டன் கிங் வழியில் நிற்கட்டும்.

ஆட்டம் முடிந்ததும் லாஸ்ட்ரீப்ளே என்ற பெயரில் பதிவு சேமிக்கப்படும். அடுத்த ஆட்டத்தில் அது அழிந்துவிடும், ஆகவே தோற்றவுடன் வேறு பெயரில் சேமியுங்கள். இந்த உரையாடலில் போட்டால், மஞ்சளில் எத்தனை நிமிடம் நின்றீர்கள் என்று நாங்களே எண்ணிச் சொல்கிறோம்.