மறு: ‘டுவெல் ஆங்கிள்’: தங்குகோணமா, தொடுகோணமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மோரிஸ் மைனர் 1000 காரின் இக்னிஷன் பாகங்களைப் பிரித்துச் சீர்செய்வது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பாயிண்ட் (ஒட்டியும் பிரிந்தும் மின்சுற்றை மூடித் திறக்கும் தொடுமுனை), கண்டென்சர், காயில், ரோட்டர், பிளக் எல்லாம் பட்டறையில் புழங்கும் சொற்கள். அவற்றைத் தொடவில்லை. ‘டுவெல் ஆங்கிள்’ (மின்சுற்று மூடியிருக்கையில் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு சுழலும் கோணம்) மட்டும் இடிக்கிறது. அந்தச் சொல் பட்டறையில் காதில் விழுவதே அரிது. ஆனால் அதை விளக்காமல், பாயிண்டை ஏன் அந்த இடைவெளியில் வைக்கிறோம் என்று எழுத முடியவில்லை. அதற்குத் தமிழ்ச்சொல்லாக இங்கே வந்த இரண்டு பரிந்துரைகளுக்கும் என் பதில்:

> அகராதிப்படி டுவெல் என்றால் தங்குதல். ஆகவே தங்குகோணம் என்பதே நேர்.

ஐயா, எது எங்கே தங்குகிறது? 1962-இல் மைனருக்கு வந்த 1098 சிசி எஞ்சினின் லூக்காஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி பகிரும் பாகம்) ஒன்று மூடி கழற்றி என் மேசையில் கிடக்கிறது. நடுத்தண்டில் நான்கு முகமுள்ள (அதாவது நான்கு புடைப்புள்ள) கேம். பாயிண்டின் குதிகால் அதன்மேல் உரசிக்கொண்டே போகிறது. முகம் வந்து இடிக்கும்போது பாயிண்ட் பிரிகிறது, கடந்ததும் ஸ்பிரிங் இழுத்து ஒட்டவைக்கிறது. நான்கு சிலிண்டர் என்பதால் ஒரு சுற்றில் ஒவ்வொன்றுக்கும் 90 டிகிரி. அதில் 60 டிகிரி ஒட்டியிருக்கும், 30 டிகிரி பிரிந்திருக்கும். ஒட்டியிருக்கும் நேரத்தில் காயிலின் முதன்மைச் சுருளில் மின்னோட்டம் ஏறுகிறது. பிரியும் கணத்தில் அது அறுபட, துணைச்சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து பிளக்கில் பொறி தெறிக்கிறது. தங்குகிற பொருள் ஒன்றும் இதில் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இயந்திரவியலில் கேம் வடிவமைப்பவர்களுக்கு டுவெல் வேறு: கேம் சுழன்றாலும் அதைத் தொடரும் உறுப்பு ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் பகுதி. அங்கே ‘தங்கு’ கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துத் தடுமாறினால் நாமும் தடுமாற வேண்டுமா? தங்குகோணத்தை அவர்களுக்கே விட்டுவிடலாம்.

> பாயிண்ட் தொட்டுக்கொண்டிருக்கும் கோணம். எனவே தொடுகோணம்.

இது நெருங்கி வருகிறது. ஆனால் தொடுகோடு படித்த மாணவன் வடிவியல் என்று நினைப்பான். போதாக்குறைக்குத் திரவம் பாத்திரச் சுவரைத் தொடும் கோணம் வேறு இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல் அதற்குச் சேர்கோணம் என்கிறது என்றாலும் குழப்பம் வரும். பெரிய தடை வேறு. இங்கே பிரிட்டனில் பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் பாயிண்டைக் கழற்றிவிட்டு, அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காந்த வளையமும் சின்ன எலெக்ட்ரானிக் கட்டையும் பொருத்திவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதில் தொடுவதற்கு எதுவும் இல்லை. டுவெல் மட்டும் இருக்கிறது.

என் பரிந்துரை மூடுகோணம். மூடுவது பாயிண்ட் அல்ல, மின்சுற்று. ‘மூடிய சுற்று, திறந்த சுற்று’ என்று பள்ளியிலேயே படிக்கிறோம். சுற்றைப் பாயிண்ட் மூடினாலும் டிரான்சிஸ்டர் மூடினாலும் சொல் நிற்கும்.

‘மூடுகோணம் என்றால் மூடுகிற அந்தக் கணத்தின் கோணம் என்றல்லவா படுகிறது’ என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். வினைத்தொகைக்கு மூன்று காலமும் உண்டு. மூடிய, மூடுகின்ற, மூடும் மூன்றும் அதற்குள் அடக்கம். ‘மூடியிருகோணம்’ என்று இழுத்தால் யாரும் வாயில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

இதே வேரிலிருந்து உறவுச் சொற்களும் கிளைக்க வேண்டும், ஏனென்றால் கோணம் வேறு, நேரம் வேறு. எஞ்சின் 1000 ஆர்.பி.எம்மில் ஓடினால் டிஸ்ட்ரிபியூட்டர் 500-இல் சுற்றும். 60 டிகிரிக்கு 20 மில்லிசெகண்ட் கிடைக்கும். 3000-இல் அது 6.7 மில்லிசெகண்டாகச் சுருங்கிவிடும். மூடுகோணம் மாறவில்லை, மூடுநேரம் மூன்றில் ஒன்றானது. வேகம் ஏற ஏறப் பொறி நலிவது இதனால்தான். சில கையேடுகள் கோணத்தை விட்டு விழுக்காட்டில் தருகின்றன: 90-க்கு 60 என்றால் 67. அதை மூடுவிழுக்காடு எனலாம்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கென்றால், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பொய் சொல்லும். 25டி4-க்கு இடைவெளி 14 முதல் 16 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ). புதுப் பாயிண்டில் 15 தௌ தகட்டை நுழைத்து இறுக்கினால் வேலை முடிந்தது. ஓடிய பாயிண்டில் ஒரு முகத்தில் குழியும் எதிர்முகத்தில் மேடும் விழுந்திருக்கும். தகடு மேட்டின்மேல் உட்கார்ந்து 15 என்று காட்டும். உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். மூடுகோணத்தை மீட்டரில் பார்த்தால் ஏமாற வழியில்லை: 60-க்கு மூன்று கூட, மூன்று குறைய இருக்கலாம். இடைவெளி குறைந்தால் மூடுகோணம் கூடும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங்கும் (பொறி தெறிக்கும் நேரமும்) பின்தள்ளும். அதனால் முதலில் மூடுகோணம், பிறகுதான் டைமிங்.

தண்டின் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்திருந்தாலும் இதே மீட்டர் காட்டிக்கொடுக்கும். ஆக்சிலரேட்டரை மெல்ல ஏற்றும்போது முள் ஓரிடத்தில் நிற்காமல் நழுவினால் புதுப் பாயிண்ட் வாங்கிப் பயனில்லை. தண்டை உருவிப் புது வெண்கலப் புஷ் அடிக்க வேண்டியதுதான். (டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பை வெள்ளிபோல மினுக்கிவிட்டு ‘சீர்செய்தது’ என்று விற்பவர்கள் இந்த வேலையைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். வாங்கும்போது தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள்.)

கருத்துச் சொல்லுங்கள்.
அன்புடன்.

—

தம்பி,

நாற்பது வயதுக்குக் கீழே உள்ள மெக்கானிக் யாரும் பாயிண்ட்டைக் கையால் தொட்டிருக்க மாட்டான், நீங்கள் அதற்கு இலக்கணம் பார்க்கிறீர்கள். சந்தோஷம். அந்தக் காலத்தில் ரோட்டோரத்தில் கேஜ் கிடைக்காவிட்டால் விசிட்டிங் கார்டை நுழைத்து கேப் (பாயிண்ட் இடைவெளி) வைத்துவிடுவோம், வண்டி வீடு போய்ச் சேரும். சென்னைப் பாடியில் பஸ் ஸ்டாப்புக்கே லூகாஸ் என்று பேர் வைத்த ஊர்க்காரன் நான். 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ் அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் டுவெல் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை, எல்லாம் ‘கேப்’ தான். மூடுகோணம் பரவாயில்லை. ஒன்று மட்டும்: ‘மூடு சரியில்லை’ என்று எழுதிவிடாதீர்கள், வண்டிக்கு மூட் அவுட் என்று நினைத்துக்கொள்வார்கள்.

—

வணக்கம். நான் கண் மருத்துவத் துறையில் இருக்கிறேன். கண்ணுக்குள் கருவிழிக்கும் கதிராளிக்கும் இடையிலுள்ள கோணம் அடைபட்டு அழுத்தம் ஏறும் குளுக்கோமா வகையை ‘மூடுகோண’ என்ற அடையோடு எழுதுகிறோம். அங்கே கோணமே மூடிக்கொள்கிறது, உங்கள் எஞ்சினில் கோணத்தின் அளவுக்குச் சுற்று மூடியிருக்கிறது. அகராதியில் துறைக்குறிப்புப் போட்டுவிட்டால் போதும் என்பது என் எண்ணம். எதற்கும் சொல்லிவைக்கிறேன்.

—

நன்றி அம்மா. துறைக்குறிப்புச் சேர்த்துவிடுகிறேன். கார் ஓட்டுபவர் யாரும் இரண்டையும் ஒரே பக்கத்தில் படிக்கப் போவதில்லை.

ஐயா, பஸ் ஸ்டாப் செய்திக்குத் தனி நன்றி. பட்டறையில் ‘கேப்’ என்பதை நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். கேப் என்பது நாம் வைப்பது, மூடுகோணம் என்பது அதனால் கிடைப்பது. கையேட்டில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் வரும்.

வேறு மறுப்பு வராவிட்டால் மூடுகோணம், மூடுநேரம், மூடுவிழுக்காடு மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அடுத்தது வேக்குவம் அட்வான்ஸ் (எஞ்சினின் வெற்றிட இழுப்பால் பொறியை முன்னதாகத் தெறிக்கவைக்கும் அமைப்பு). அந்தக் கிண்ணத்தின்மேல் 5-13-10 என்கிற மாதிரி மூன்று எண்கள் பொறித்திருக்கும்: எத்தனை அங்குலப் பாதரச வெற்றிடத்தில் இழுக்கத் தொடங்கும், எத்தனையில் நின்றுவிடும், மொத்தம் எத்தனை டிகிரி இழுக்கும். இதற்கு ‘முற்படுத்தம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ‘முன்தள்ளல்’ கொஞ்சம் பிடித்திருக்கிறது, மேலே டைமிங் ‘பின்தள்ளும்’ என்று எழுதியதற்கு அது ஜோடியாக அமைகிறது. அதைத் தனி இழையில் பேசுவோம்.