பொருள்: வெப்ப ஆற்றலா, வெப்பத்திறனா? (நான்காம் பாடத்துக்கு அவசரம்)

கிருஷ்ணகிரியிலிருந்து:
வணக்கம். கொதிகலன் இயக்குவோருக்கான கையேட்டின் நான்காம் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எரிப்பானுக்கு மணிக்கு 10 கன மீட்டர் இயற்கை எரிவாயு போகிறது. ஒரு கன மீட்டர் எரிந்தால் ஏறத்தாழ 38 மெகாஜூல். மணிக்கு 380 மெகாஜூல், அதை 3.6ஆல் (ஒரு கிலோவாட் மணிக்கான மெகாஜூல்) வகுத்தால் சுமார் 106 கிலோவாட். கணக்கு எளிது, சொற்கள்தாம் இடறுகின்றன. அந்த 38க்கு என்ன பெயர்? 106க்கு என்ன பெயர்? 106க்கு "வெப்ப ஆற்றல்" என்று எழுதினால் மாணவர்கள் ஜூலில் விடை தருகிறார்கள். "வெப்பத்திறன்" என்றால் எரிப்பானின் சிக்கனம் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

தருமபுரியிலிருந்து:
38க்கு "எரிமானம்" என்று வையுங்கள். பெறுமானம், தேய்மானம் இருக்கும்போது இது ஏன் கூடாது? ஜூலில் அளந்துவிட்டுக் "கலோரி மதிப்பு" என்று கலோரியின் பெயரைச் சூட்டுவது பொருந்தவே இல்லை. "மானம்" வடசொல் என்று யாரேனும் வருவதற்கு முன்பே சொல்கிறேன்: கட்டுமானம், அடைமானம், செரிமானம் எல்லாம் நம் வினையடிகளில் முளைத்தவை. அதுவும் வேண்டாமென்றால் "ஞெலிமதிப்பு". நாம் அதியமான் ஆண்ட தகடூர்க்காரர்கள். அவனை ஔவையார் இறவாணத்தில் (கூரையின் இறப்பில்) செருகிய ஞெலிகோலுக்கு, அதாவது தீக்கடை கோலுக்கு, ஒப்பிட்டார் (புறநானூறு 315). கோல் சும்மா கிடக்கும்போதும் அதற்குள் தீ இருக்கிறது. குழாயில் இருக்கும் வாயுவும் அப்படித்தானே? கொள்ளிக்கட்டையைக் குறித்த "ஞெகிழி"யைப் பிளாஸ்டிக்குக்குக் கொடுத்துவிட்டோம். ஞெலியையாவது நெருப்புக்கு வைத்துக்கொள்வோம்.

ஓசூரிலிருந்து:
ஐயா, தேய்மானம் என்றால் தேய்ந்து போனது. எரிமானம் என்றால் எங்கள் ஆட்கள் எரிந்து தீர்ந்த வாயுவைத்தான் நினைப்பார்கள். கலோரி மதிப்பு பள்ளியிலேயே படித்த சொல், அதைக் கலைக்காதீர்கள். பெயரைவிடப் பெரிய பிழை ஒன்று பாடத்தில் இருக்கிறது. 38 என்பது மொத்த மதிப்பு. புகையிலுள்ள நீராவி குளிர்ந்து நீராகும்போது தரும் வெப்பமும் அதில் சேர்ந்திருக்கிறது. நீராவி அப்படியே புகைபோக்கியில் போய்விட்டால் நிகர மதிப்பு சுமார் 34தான், விடையும் 94 ஆகிவிடும். எது என்று சொல்லாத கணக்கு எனக்குக் கணக்கே அல்ல. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் குறைவு. எரிவாயு அளக்கும் மீட்டரில் காட்டும் கன மீட்டரை 15 டிகிரிக்கும் கடல்மட்ட அழுத்தத்துக்கும் திருத்திய பிறகே பெருக்க வேண்டும்.

பாலக்கோட்டிலிருந்து:
106க்கு "வெப்ப வரத்து" என்றால் என்ன? ஒகேனக்கல் நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி என்று நாளிதழில் பார்க்காத பிள்ளை நம் மாவட்டத்தில் இல்லை. "இவ்வளவு நேரத்துக்கு இவ்வளவு" என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வாயு வரத்தைக் கலோரி மதிப்பால் பெருக்கினால் வெப்ப வரத்து. வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் அலகைத் தவறவிடவில்லை.

தருமபுரியிலிருந்து:
அம்மா, வரத்து உள்ளே வருவது. கிருஷ்ணகிரி அணைச் செய்தியில் வரத்து வேறு, வெளியேற்றம் வேறு. எரிப்பான் வெப்பத்தை வெளியே அல்லவா தருகிறது?

ஓசூரிலிருந்து:
வெளியேற்றம் என்று எழுதினால் புகைபோக்கியில் வீணாவதைத்தான் நினைப்பார்கள். கொதிகலன் பக்கம் நின்று பாருங்கள், அது வரத்துதான்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
மூவர் ஒரு பக்கம். கலோரி மதிப்பு (மொத்தம், நிகரம்), வாயு வரத்து, வெப்ப வரத்து என்று அனுப்புகிறேன். அழுத்தத் திருத்தத்துக்குத் தனிப் பத்தி சேர்த்துவிட்டேன்.

தருமபுரியிலிருந்து:
அனுப்புங்கள். சொல்லடைவில் கலோரி மதிப்புக்குப் பக்கத்தில் "எரிமானம்" என்ற ஒரு சொல்லுக்கு இடம் விடுங்கள். ஞெலியைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.