முடிவு வருவதற்கு முன் வரும் கல்லூரிக் கடிதம்: எவ்வளவு நம்பலாம்?

தேவி (ஹூஸ்டன்):
நான் இங்கே ஒரு அரசுப் பள்ளியில் மாணவர்களுக்கு மேற்படிப்புக்கு வழிகாட்டும் கவுன்சிலர். என் மாணவன் ஒருவன், மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம், அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறப்போகும் முதல் ஆள். வகுப்பில் முதல் பத்து சதவீதத்துக்குள் வருவதால், டெக்சாஸ் மாநிலச் சட்டப்படி, டெக்சாஸ் ஏ அண்ட் எம் என்கிற மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவனுக்கு இடம் உறுதி. (ஆஸ்டினில் இருக்கிற டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் வரம்பு இன்னும் இறுக்கம், அது தவறிவிட்டது.) வடகிழக்கில் ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பித்திருக்கிறான். முடிவு மார்ச் கடைசியில்தான். போன வாரம் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. லத்தீன் அமெரிக்க மாணவர்களுக்கான அலுவலகம் அனுப்பியது, அங்கே படிக்கும் ஒரு மாணவி கையெழுத்துப் போட்டிருக்கிறாள். உன்னைப் போன்றவர்கள் இங்கே வேண்டும், ஆகஸ்டில் பார்க்கலாம் என்கிற தொனி. கூடவே ஒரு ஜூம் கூட்டத்துக்கு அழைப்பு. அம்மா சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பையன் ஏ அண்ட் எம் ஹாஸ்டல் விண்ணப்பத்தைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் என்ன சொல்வது?

கணக்கர் (நியூ ஜெர்சி):
ஒரு அர்த்தமும் இல்லை என்று சொல்லுங்கள். "ப்ரீ அப்ரூவ்டு" என்று கிரெடிட் கார்டு கம்பெனி அனுப்புகிற காகிதத்துக்கு என்ன மதிப்போ அதுதான் இதற்கும்.

இது என் ஊகம் இல்லை. சேர்க்கையில் ஆசிய மாணவர்களுக்குப் பாகுபாடு காட்டுகிறது என்று ஹார்வர்டு மீது போட்ட வழக்கு 2018 அக்டோபரில் பாஸ்டன் நீதிமன்றத்தில் நடந்தபோது எல்லாம் வெளியே வந்தது. தேர்வு நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பிடம் பெயர்ப் பட்டியல் வாங்கி, பள்ளியில் எழுதும் பிஎஸ்ஏடி தேர்வின் மதிப்பெண் பார்த்து, விண்ணப்பிக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். கறுப்பின, ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி), பூர்வகுடி மாணவர்களுக்கு அப்போது 1100 இருந்தால் போதும். ஆசியப் பெண்களுக்கு 1350, ஆசியப் பையன்களுக்கு 1380. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏன் அந்தக் கடிதம் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். ஆனால் கடிதம் வந்தவர்களும் உள்ளே போய்விடவில்லை. அர்சிடியாகோனோ என்கிற பொருளாதாரப் பேராசிரியரும் இன்னும் இருவரும், ஹார்வர்டு சேர்க்கையைப் பற்றி, 2019இல் எழுதிய ஆய்வின் தலைப்பே "நிராகரிக்கத்தான் அழைப்பா?" என்கிற மாதிரிதான் இருக்கும். கறுப்பின மாணவர்களின் விண்ணப்பங்கள் மளமளவென்று ஏறின, சேர்க்கப்பட்டவர்களில் அவர்கள் பங்கு கிட்டத்தட்ட அப்படியே நின்றது. விண்ணப்பம் கூடினால் அனுமதி விகிதம் குறையும், பெயர் ஏறும். லாபம் யாருக்கு?

மீரா (ஆன் ஆர்பர்):
கணக்கர் சார், அர்சிடியாகோனோ அந்த வழக்கில் ஹார்வர்டுக்கு எதிர்த்தரப்பின் நிபுணர் சாட்சி. அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

கணக்கர்:
தரவு ஹார்வர்டுடையது அம்மா. சாட்சி யாராக இருந்தால் என்ன.

மீரா:
சரி, தரவு என்றே பேசுவோம். எங்கள் ஊரில் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஒரு சோதனை செய்தது. நன்றாகப் படிக்கிற ஏழை மாணவர்களுக்கு, 2015இலும் அடுத்த ஆண்டும், பெயர் போட்ட கடிதம் போனது: சேர்ந்தால் நான்கு வருடமும் கல்விக் கட்டணம் கிடையாது, இப்போதே உறுதி தருகிறோம். கடிதம் போகாத குழுவில் விண்ணப்பித்தவர்கள் 26 சதவீதம், போன குழுவில் 68. சேர்ந்தவர்கள் இரண்டு மடங்குக்கு மேல். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் விண்ணப்பித்திருந்தால் ஏறக்குறைய அதே உதவி எப்படியும் கிடைத்திருக்கும். கல்லூரி கூடுதலாகக் கொடுத்த பணம் அதிகம் இல்லை. "உனக்கும் இங்கே இடம் உண்டு" என்று யாரோ முன்கூட்டியே, தெளிவாகச் சொன்னதுதான் வேலை செய்தது. நம் வீடுகளில் அதைச் சொல்ல மாமா, பெரியப்பா பையன், அடுத்த வீட்டு டாக்டர் என்று ஒரு படையே இருக்கிறது. தேவி சொல்கிற பையனுக்கு யார் இருக்கிறார்கள்?

அப்புறம் 1100, 1380 கணக்கு. அது கடிதம் அனுப்புவதற்கான வரம்பு, இடம் கொடுப்பதற்கானது இல்லை. இரண்டையும் குழப்பித்தான் வாட்ஸாப் குழுக்களில் பாதிப் புலம்பல் ஓடுகிறது.

கணக்கர்:
நானும் அதைத்தானே சொல்கிறேன்! கடிதம் வேறு, இடம் வேறு. மிச்சிகன் கடிதத்தில் வாக்குறுதி இருந்தது. தேவி அக்காவின் பையனுக்கு வந்ததில் என்ன இருக்கிறது? ஒரு ஜூம் லிங்க்.

இன்னொன்று. உங்கள் உதாரணம் விண்ணப்பிக்கத் தூண்டுகிற கடிதம். இவன் ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டான், கட்டுரை எழுதிவிட்டான், இப்போது காத்திருக்கிறான். காத்திருப்பவனுக்கு ஆகஸ்டில் பார்க்கலாம் என்று எழுதுவது உற்சாகப்படுத்துவது இல்லை. அவன் அதை எப்படி வாசிப்பான் என்று அந்த அலுவலகத்தில் ஒருவருக்குக் கூடவா தெரியாது?

மீரா:
இந்த இடத்தில் உங்களோடு சண்டை இல்லை. கடிதத்தை எழுதிய பெண்ணுக்குப் பத்தொன்பது வயது இருக்கும், அவள் மனதார எழுதியிருப்பாள். அதை எந்த வாரத்தில் அனுப்புவது என்று முடிவு செய்த பெரியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

சுந்தர் (பாஸ்டன்):
நான் படித்த கல்லூரிக்காக விண்ணப்பதாரர்களை நேர்காணல் செய்பவன். உள்ளே உட்கார்ந்து கோப்பு படிப்பவன் இல்லை, அதனால் அளவோடு சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது யார் அனுப்பியது என்பது. முடிவுக்கு முன்பே வந்து உண்மையில் எடை உள்ள ஒரே கடிதம் "லைக்லி லெட்டர்". ஹார்வர்டு, யேல் முதலிய ஐவி லீக் கல்லூரிகளில் அதை அட்மிஷன் ஆபீஸ் மட்டும்தான் அனுப்பலாம், விளையாட்டுப் பயிற்சியாளர் கூட அனுப்ப முடியாது. விளையாட்டு வீரர்களுக்கு அக்டோபரிலிருந்தே போகும், மற்றவர்களில் வெகு சிலருக்குப் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில். மதிப்பெண் சரியாமல், ஒழுங்காக இருந்தால் இடம் உறுதி என்று சுற்றி வளைக்காமல் எழுதியிருப்பார்கள். அதை வாசித்துவிட்டு இதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கணக்கர் சொன்ன அதே ஹார்வர்டு வழக்கில் 2023 ஜூன் 29 அன்று வந்த தீர்ப்புக்குப் பிறகு விஷயம் இன்னும் சிக்கல். இனத்தைச் சேர்க்கைக்கு அளவுகோலாக வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஆகஸ்டிலிருந்தே காமன் ஆப் என்கிற, பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத்தில் மாணவன் தன் இனத்தைக் குறிக்கும் கட்டத்தைத் தங்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துக்கொள்ளக் கல்லூரிகளுக்கு வழி வந்துவிட்டது. தன் வாழ்க்கையில் இனம் என்ன செய்தது என்று மாணவன் கட்டுரையில் எழுதினால் அதைக் கணக்கில் எடுக்கலாம் என்று நீதிபதி ராபர்ட்ஸ் எழுதியதும் உண்மை. ஆக, இந்தக் கடிதம் மெக்சிகன் பையன் என்பதற்காக வந்திருந்தால், அவன் கட்டுரையில் எழுதியிருந்தால் ஒழிய, கோப்பு படிக்கிறவருக்கு அந்தத் தகவலே போகாமல் இருந்திருக்கலாம். கடிதம் அனுப்பிய மேசை வேறு, கோப்பு இருக்கிற மேசை வேறு. அவனுடைய பெயர் எந்தப் பட்டியலிலிருந்து போனது என்று அவனையே கேளுங்கள்.

தேவி:
கேட்டேன். விண்ணப்பித்த பிறகு போர்ட்டலில் எந்த மாணவர் அமைப்புகளைப் பற்றி அறிய விருப்பம் என்று ஒரு கேள்வி வந்ததாம். மூன்று நான்கு கட்டங்களில் டிக் செய்திருக்கிறான், அதில் இதுவும் ஒன்று. ரோபோடிக்ஸ் கிளப்பிலிருந்தும் ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அதை யாரும் சர்ச்சில் சொல்லவில்லை!

கணக்கர்:
போதுமா மீரா அம்மா?

மீரா:
போதாது. கேட்டான், பதில் வந்தது. இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? தேவி, கூட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள். இடம் கிடைக்குமா என்று அங்கே கேட்க வேண்டாம், அந்த மாணவர்களுக்குத் தெரியாது. உதவித்தொகை போக வருடத்துக்குக் கையிலிருந்து எவ்வளவு போகிறது, டிசம்பர் விடுமுறையில் ஊருக்கு வர முடியாதவர்கள் எங்கே தங்குகிறார்கள், முதல் செமஸ்டரில் கணக்குப் பாடத்தில் தடுமாறினால் யார் கைகொடுப்பார்கள் என்று கேட்கட்டும். நாளைக்கு இடம் கிடைத்தால் மே 1க்குள் ஒரே மாதத்தில் முடிவெடுக்க வேண்டும்.

கணக்கர்:
போகட்டும், தப்பில்லை. ஆனால் ஹாஸ்டல் படிவத்தை அனுப்பிவிட்டுப் போகட்டும். என் ஒரே நிபந்தனை அதுதான்.

தேவி:
இன்று மதியம் என் அறையில் உட்காரவைத்து அனுப்பவைத்துவிட்டேன். ரோபோடிக்ஸ் மின்னஞ்சலையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் அவனே படிவத்தைத் திறந்தான். ஜூம் வியாழக்கிழமை. மீரா சொன்ன கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன். அம்மாவிடம் சொல்வது என் வேலையா அவன் வேலையா என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் இழுபறி.